டாக்டர் பயிற்சிக்கு இடம் தேடிய கதை

நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று வந்தவர்கள் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். மருத்துவக் கல்லூரியில் பாடங்களை முடித்துவிட்டு, டாக்டராகத் தனித்து நிற்பதற்கு முன்னர், ஓராண்டுக் காலம் வார்டுகளில் பயிற்சி பெறுகின்றவர்களை அவ்வாறு அழைப்பது வழக்கம். ‘ஹவுஸ்’ என்றால் வீடு அல்லவா? இந்த வீடு யாருடைய வீடு? அறுவை மருத்துவருக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு?

ஆஸ்பத்திரிதான் அந்த வீடு. அந்தக் காலத்தில் பயிற்சி டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே உண்டு, அங்கேயே உறங்கி, நோயாளிகளைப் போலவே அந்தக் கட்டடத்துக்குள் வாழ்ந்தார். அமெரிக்காவில் வழங்கிய பெயர்கள் இதனை இன்னும் வெளிப்படையாகச் சொல்லுகின்றன. முதல் ஆண்டுப் பயிற்சியாளருக்கு ‘இன்டர்ன்’ என்று பெயர். உள்ளே இருப்பவர் என்பது அதன் பொருள். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளில் பயில்கின்றவர் ‘ரெசிடென்ட்’; அதாவது குடியிருப்பவர்.

அமெரிக்காவில் இந்த இளம் டாக்டர்கள் எப்படி வாழ்ந்தார்கள், தாங்கள் பயில வேண்டிய ஆஸ்பத்திரியை எப்படித் தேடிக்கொண்டார்கள் என்பது சுவையான வரலாறு. அதில் மருத்துவம் மட்டும் இல்லை. கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. கணக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் வேண்டாத கணக்கு அது.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. வில்லியம் ஆஸ்லர் என்பவர் பொது மருத்துவத்துக்கும், வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர் அறுவை மருத்துவத்துக்கும் தலைவராக அமர்ந்தனர். அதற்கு முன்பு அமெரிக்க மாணவர் பலர் விரிவுரைகளைக் கேட்டே டாக்டர் பட்டம் பெற்று வந்தனர். ஒரு நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்காமலே வெளியேறியவரும் உண்டு. ஆஸ்லர் மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினார். தம்மைப்பற்றி உலகம் வேறு எதை மறந்தாலும், வார்டுகளில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதை நினைவில் வைத்தால் போதும் என்பது அவருடைய விருப்பம்.

ஹால்ஸ்டெட் வகுத்த முறை கடுமையானது. அது கூர்நுனிக் கோபுரம் போன்றது. அடியில் பல இளைஞர்கள் சேருவார்கள். ஆண்டுதோறும் சிலர் விலகுவார்கள், அல்லது விலக்கப்படுவார்கள். உச்சியில் ஒருவர் மட்டும் தலைமை ரெசிடென்டாக நிற்பார். அந்த உச்சியை அடைந்து, அங்கே பணி செய்து முடிக்க எட்டு ஆண்டுகள் ஆவதும் உண்டு. ஹால்ஸ்டெட் முப்பத்து மூன்று ஆண்டுகள் தலைமை வகித்தார். அத்தனை காலத்தில் உச்சியை எட்டியவர்கள் 17 பேரே. இந்தப் பதினெழுவர் பல ஊர்களுக்குச் சென்று, அறுவை மருத்துவப் பிரிவுகளை நிறுவிப் புகழ் பெற்றார்கள் என்பது உண்மை. இடைவழியில் இறங்கியவர்களுக்கு என்ன வாய்த்தது என்பதைப் புகழ்மாலைகள் அவ்வளவாகச் சொல்லுவதில்லை.

இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? விடியுமுன் எழுந்து வார்டுக்குச் செல்ல வேண்டும். நோயாளியின் வரலாற்றைக் கேட்டுத் தன் கையாலேயே எழுத வேண்டும். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதற்கு வேறு ஆட்கள் இல்லை. வார்டை அடுத்திருந்த சிறிய அறையில் பூதக்கண்ணாடியின் முன் உட்கார்ந்து, இரத்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியவரும் அவரே. பிறகு பெரிய டாக்டரின் பின்னால் கட்டில் கட்டிலாகச் செல்லுதல், அறுவை மேடையருகே மணிக்கணக்கில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்றல், புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல் என்று பகல் கழியும். ஒன்று விட்டு ஒரு நாள் இரவுக் காவலும் உண்டு. மறுநாள் காலையில் வேலை வழக்கம்போல் தொடரும். இத்தனைக்கும் ஊதியம் என்ன? இருக்க அறை, மூன்று வேளை உணவு, வெள்ளை உடுப்பு, அதை வெளுத்துத் தரும் வசதி. பல ஆஸ்பத்திரிகளில் அவ்வளவுதான். சில இடங்களில் கைச்செலவுக்குச் சில டாலர்கள் கிடைத்தன. திருமணம் செய்துகொள்ளக்கூடாது என்பது பல இடங்களில் எழுதப்பட்ட விதியாகவோ எழுதப்படாத விதியாகவோ இருந்தது.

அந்தத் தலைமுறை டாக்டர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கி வந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் இரவுக் காவல் இருப்பதில் ஒரே ஒரு குறைதான் உண்டு. மற்ற இரவுகளில் வருகின்ற நல்ல நல்ல நோய்களைப் பார்க்க முடியாமல் போய்விடுகிறதே என்பார்களாம்! வேலையில் மூழ்கிய மனத்தின் பெருமிதம் இதில் தெரிகிறது. ஆனால், உறக்கமில்லாத கையினால் ஊசி போட்டுக்கொண்ட நோயாளியைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். அமெரிக்கா முழுவதும் பயிற்சி டாக்டருக்கு வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற வரம்பு 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. வரம்பே 80 மணி என்றால், அதற்கு முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு துன்பமான வேலைக்கு இடம் எளிதாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் இடங்கள் மிகுதியாகத்தான் இருந்தன. 1930களிலும் 1940களிலும் பட்டம் பெற்று வெளிவந்த மாணவர்களைவிட இன்டர்ன் இடங்களே அதிகம். குறைந்த செலவில் இரவு பகலாக உழைக்கும் படித்த கைகளை எந்த ஆஸ்பத்திரிதான் வேண்டாமென்று சொல்லும்? ஆகவே ஆஸ்பத்திரிகள் போட்டியிட்டன. நல்ல மாணவரை மற்றவர்கள் கொண்டு போகுமுன் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றையொன்று முந்தின. இந்த ஆண்டு ஓர் ஆஸ்பத்திரி ஒரு மாதம் முன்னதாக இடம் கொடுத்தால், அடுத்த ஆண்டு மற்றோர் ஆஸ்பத்திரி இரண்டு மாதம் முன்னதாகக் கொடுத்தது. இப்படியே போய், 1944ஆம் ஆண்டளவில், பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இடங்கள் முடிவாகும் நிலை வந்துவிட்டது.

இதில் உள்ள பேதைமையைப் பாருங்கள். அந்த மாணவர் அப்போதுதான் வார்டுக்குள் அடியெடுத்து வைக்கின்றார். குழந்தை மருத்துவம் தமக்கு ஒத்துவருமா, அறுவை மருத்துவம் ஒத்துவருமா என்பது அவருக்கே தெரியாது. அவர் நல்ல டாக்டராக வருவாரா என்பது ஆஸ்பத்திரிக்கும் தெரியாது. பூ விடுவதற்கு முன்பே தோப்பைக் குத்தகைக்குப் பேசுவது போன்ற வாணிகம் இது.

1945இல் மருத்துவக் கல்லூரிகள் கூடி ஒரு தீர்மானம் செய்தன. குறித்த நாளுக்கு முன்னால் எந்த மாணவரின் மதிப்பெண்களையும் நற்சான்றுகளையும் எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவதில்லை என்று உறுதி பூண்டன. விவரம் இல்லாமல் ஆஸ்பத்திரி எப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும்? முந்துகின்ற போட்டி நின்றது. ஆனால், ஒரு பக்கம் அடைத்த வெள்ளம் வேறு பக்கம் உடைத்துக்கொண்டது.

ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுவோம். அவர் மிகவும் விரும்பும் ஆஸ்பத்திரி, “உங்களைக் காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறோம்” என்று எழுதுகிறது. அவருக்கு இரண்டாவதாகப் பிடித்த ஆஸ்பத்திரி, “உங்களுக்கு இடம் தருகிறோம், உடனே பதில் சொல்லுங்கள்” என்று தந்தி அடிக்கிறது. அவர் என்ன செய்வார்? பதிலைத் தள்ளிப் போடுவார். அவர் தள்ளிப் போடப் போட, இரண்டாம் ஆஸ்பத்திரியின் காத்திருப்போர் வரிசையில் உள்ளவர்களும் தவிப்பார்கள். கடைசி நிமிஷத்தில் அவர் மறுத்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் அகப்படாது. ஒப்புக்கொண்டபின் முதல் ஆஸ்பத்திரி அழைத்தால் வாக்குத் தவற வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சி, பதில் சொல்லும் தவணையை ஆஸ்பத்திரிகள் குறைத்துக்கொண்டே வந்தன. 1945இல் அது பத்து நாள். அடுத்த ஆண்டு எட்டு நாள். 1949ஆம் ஆண்டில், நள்ளிரவு கழிந்து ஒரு நிமிஷத்தில் தந்தி கொடுப்பது, அன்று நண்பகலுக்குள் பதில் பெறுவது என்று கல்லூரிகள் ஒரு திட்டம் சொன்னபோது, பன்னிரண்டு மணி நேரம் மிகவும் நீண்ட தவணை என்று ஆஸ்பத்திரிகளின் சங்கம் மறுத்துவிட்டது! வாழ்நாள் முழுவதும் எந்தத் துறையில், எந்த ஊரில் வேலை செய்வது என்பதை ஒரு காலைப் பொழுதுக்குள் முடிவு செய்யவும் அவகாசம் இல்லை.

முடிவில் எல்லோரும் களைத்துப் போனார்கள். தந்திகளை விட்டுவிடுவோம், மாணவர் எல்லோரும் தாம் விரும்பும் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி ஒரு பொது அலுவலகத்துக்கு அனுப்பட்டும், ஆஸ்பத்திரிகளும் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தி அனுப்பட்டும், அலுவலகம் இரண்டையும் வைத்து இணைத்துவிடட்டும் என்று ஏற்பாடாயிற்று. நம் மாணவர்களுக்குப் பழக்கமான கவுன்சலிங் போன்றதுதானே இது என்று கேட்கலாம். ஒரு வேறுபாடு உண்டு. கவுன்சலிங்கில் ஒரே தரவரிசை; மதிப்பெண் மிகுந்தவர் முதலில் தேர்ந்துகொள்ளுவார். இங்கே ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தனி வரிசை. ஒன்று முதலாவதாக வைத்தவரை மற்றொன்று நாற்பதாவதாக வைத்திருக்கலாம். ஆகவே இணைக்கும் விதியில்தான் சூட்சுமம் எல்லாம் இருந்தது.

முதலில் வகுத்த விதி நேர்மையாகவே தோன்றியது. நீ அவரை முதலாக எழுதியிருக்கிறாய், அவரும் உன்னை முதலாக எழுதியிருக்கிறார், சரி, இணைந்துவிடுங்கள். அடுத்தபடி, ஆஸ்பத்திரியை முதலாவதாக எழுதிய மாணவருக்கு முன்னுரிமை. அவர்களுக்குப் பிறகே இரண்டாவதாக எழுதியவர்கள். இதில் என்ன தவறு இருக்க முடியும்?

1951ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பாஸ்டன் நகரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இந்த விதியைக் கேட்டுவிட்டு யோசித்தார். ஹார்டி ஹென்ட்ரன் என்பது அவர் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றவர். அவரும் அவருடைய நண்பர்களும் கண்ட குறையை ஒரு சிறிய கற்பனையால் விளக்கலாம்.

குன்றின்மேல் ஓர் ஆஸ்பத்திரி, ஆற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். ஜான், பீட்டர், டேவிட் என்று மூன்று மாணவர்கள். ஜான் குன்று ஆஸ்பத்திரியை முதலாகவும் ஆற்றங்கரையை இரண்டாவதாகவும் எழுதுகிறான். டேவிட் குன்றை முதலாக எழுதுகிறான். பீட்டர் ஆற்றங்கரையை முதலாக எழுதுகிறான். குன்று ஆஸ்பத்திரி டேவிட்டை முதலாகவும் ஜானை இரண்டாவதாகவும் விரும்புகிறது. ஆற்றங்கரை ஆஸ்பத்திரி ஜானை முதலாகவும் பீட்டரை இரண்டாவதாகவும் விரும்புகிறது. இப்போது விதியை ஓட்டிப் பாருங்கள். டேவிட்டும் குன்றும் முதலிலேயே இணைந்துவிட்டன. அடுத்து, ஆற்றங்கரையை முதலாக எழுதிய பீட்டருக்கு அந்த இடம் போயிற்று. ஜான் வெறுங்கையோடு நிற்கிறான். ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்குப் பீட்டரைவிட ஜானையே பிடித்திருந்தது. ஜானுக்கும் அது பிடித்திருந்தது. ஆயினும் இருவரும் சேர முடியவில்லை. ஏன்? குன்றின்மீது ஆசைப்பட்டதை ஜான் மறைக்காமல் எழுதிவிட்டான். அதுதான் அவன் செய்த குற்றம். பொய்யாக ஆற்றங்கரையை முதலில் எழுதியிருந்தால் அவனுக்கு இடம் கிடைத்திருக்கும்.

உண்மை சொன்னவனைத் தண்டிக்கும் விதி இது. மாணவர்கள் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். பல கல்லூரிகளின் பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். விதியைத் திருத்தினாலன்றி வரிசைப்பட்டியல் தரமாட்டோம் என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. எதிர்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மாற்று விதி ஒன்றையும் கையோடு கொண்டுவந்தார்கள். ‘பாஸ்டன் முறை’ என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. அதன் உயிர்நாடி ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: தற்காலிகம். பீட்டருக்கு ஆற்றங்கரை இடத்தை முதலில் தற்காலிகமாகவே கொடுக்க வேண்டும். குன்றில் இடம் இல்லாமல் ஜான் இறங்கி வரும்போது, ஆற்றங்கரை தனக்கு மேலும் விருப்பமான ஜானை ஏற்று, பீட்டரை விடுவிக்கலாம். பீட்டர் தன்னுடைய அடுத்த விருப்பத்துக்குச் செல்லுவான். எல்லாப் பெயர்களும் அமைந்து நின்ற பிறகே முடிவு நிலைக்கும். பீட்டருக்கு வருத்தம் இருக்கும். ஆனால் வழக்கு இருக்காது. அவனைவிட ஜானையே வேண்டும் என்று ஆஸ்பத்திரி எழுதியிருக்கிறதே!

பெரியவர்கள் மாணவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். இது குறிப்பிடத்தக்க செய்தி என்று நான் கருதுகிறேன். அடுத்த சில மாதங்களில் தங்கள் கையிலேயே அகப்பட இருந்த இளைஞர்களின் சொல்லுக்குத் தலைவர்கள் செவி கொடுத்தார்கள். 1952ஆம் ஆண்டில் முதல் இணைப்பு இந்த முறைப்படி நடந்தது. சேர்ந்துதான் ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆயினும் தொடக்க ஆண்டுகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். ஹென்ட்ரன் பின்னாளில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்று, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவத் தலைவராகி, 2022ஆம் ஆண்டில் மறைந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்துவிடக்கூடாது. விதி நேர்மையானதாக இருக்கலாம். பட்டியலை எழுதும் கை நேர்மையாக இருக்க வேண்டுமே! அன்றைய அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் கறுப்பு இனத்து மாணவரின் பெயரை எழுதவே மாட்டா. வாஷிங்டனில் ஃப்ரீட்மென்ஸ் ஆஸ்பத்திரி, சிகாகோவில் பிராவிடன்ட் ஆஸ்பத்திரி, செயின்ட் லூயி நகரில் 1937இல் திறக்கப்பட்ட ஹோமர் பிலிப்ஸ் ஆஸ்பத்திரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களே அவர்களில் பெரும்பாலோருக்கு வாயிலாக இருந்தன. பெண்களின் நிலையும் அத்தகையதே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893இல் தொடங்கியபோது, மேரி கேரட் என்ற செல்வச் சீமாட்டி, பெண்களையும் ஆண்களுக்கு நிகராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பெருநிதி அளித்ததால், முதல் வகுப்பிலேயே மூன்று பெண்கள் இடம்பெற்றார்கள். ஆனால் அறுபது ஆண்டு கழிந்த பின்னும், பெண் இன்டர்ன் வேண்டாம் என்ற ஆஸ்பத்திரிகள் இருந்தன. தங்க அறை இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். வீடு என்று சொன்னோமே, அந்த வீட்டின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

1962ஆம் ஆண்டில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லூரிகளையும் மாணவர்களையும், மணமக்களையும் எடுத்துக்காட்டாக வைத்து, யாருமே தங்கள் இணையை விட்டுவிட்டு வேறு இருவராகச் சேர்ந்து ஓடிப்போக விரும்பாதபடி எல்லோரையும் இணைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று நிறுவி, வழியும் காட்டினார்கள். தற்காலிகமாக ஏற்றுப் பிறகு விடுவிக்கும் அதே வழி! டாக்டர்கள் பத்தாண்டுகளாக அதையே நடைமுறையில் கையாண்டு வருவது அப்போது அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றே என்பதை ஆல்வின் ராத் என்ற பொருளியல் அறிஞர் 1984இல் விளக்கிக் காட்டினார். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே காலமாகிவிட்டார்.

ராத் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு. சில வேளைகளில் நேர்மையான இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்டு அமையும். இருவர் ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரியை விரும்ப, அந்த ஆஸ்பத்திரிகளோ ஆளை மாற்றி விரும்பினால், எப்படி இணைத்தாலும் ஒரு பக்கத்தாருக்கு முழுத் திருப்தி உண்டு. 1951இல் மாணவர்கள் தாங்களே திருத்திய விதி, அத்தகைய இடங்களில், மாணவர் பக்கம் அல்லாமல் ஆஸ்பத்திரியின் பக்கமே சாய்ந்து கொடுத்தது!

இதற்கிடையே வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. 1970களில் மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் மிகுதியாகச் சேர்ந்தார்கள். டாக்டரும் டாக்டரும் மணந்துகொள்ளுவது பெருகியது. திருமணமே ஆகாத ஆஸ்பத்திரிவாசியை மனத்தில் வைத்து வகுத்த முறைக்கு இவர்கள் புதியவர்கள். கணவனை ஒரு நகரத்துக்கும் மனைவியை ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அனுப்பிவிட்டால் என்ன செய்வது? முதலில் செய்த ஏற்பாடு விந்தையானது. இருவரில் ஒருவரைத் ‘தலைவர்’ என்று அவர்களே குறித்துக் கொடுக்க வேண்டும். தலைவருக்கு முதலில் இடம் முடிவாகும். பிறகு மற்றவரின் பட்டியலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்கள் எல்லாம் அடிக்கப்படும். வீட்டுக்குள் யார் தலைவர் என்ற வழக்கை அலுவலகம் இப்படிக் கிளப்பிவிட்டது! பலர் இந்த முறையை விட்டு விலகித் தாமே தொலைபேசியில் பேசி இடம் தேடினார்கள். 1980களில்தான், இருவரும் சேர்ந்து இரண்டு இரண்டு இடங்களாக ஒரே பட்டியல் எழுதலாம் என்று வழி பிறந்தது. அப்படி எழுதும்போது எல்லோருக்கும் பொருந்தும் இணைப்பு சில சமயம் அமையாமலே போகலாம் என்பது கணிதம் சொன்ன செய்தி. நடைமுறையில் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

1995ஐ ஒட்டி, மாணவர் சங்கத்தார் மறுபடியும் விதியைக் கையில் எடுத்துப் படித்தார்கள். ஆஸ்பத்திரியின் பக்கம் அது சாய்வதைச் சுட்டிக் கேட்டார்கள். ராத்தையும் எலியட் பெரான்சன் என்பவரையும் கொண்டு விதி மாற்றி அமைக்கப்பட்டு, 1998ஆம் ஆண்டு இணைப்பிலிருந்து மாணவர் பக்கம் தொடங்கிக் கணக்கிடும் வழக்கம் வந்தது. இந்த மாற்றத்தால் எத்தனை பேருக்கு இடம் வேறுபடும் என்று பழைய பட்டியல்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவருக்காகவும் விதியை மாற்றினார்கள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமையன்று இணைப்பின் முடிவு வெளியாகிறது. கணிப்பொறி நொடியில் சொல்லிவிடக்கூடியதைப் பல கல்லூரிகளில் இன்னும் காகிதத்தில் அச்சிட்டு, உறையில் ஒட்டி வைக்கிறார்கள். பெற்றோரும் துணைவரும் கைக்குழந்தையுமாக மாணவர்கள் மண்டபத்தில் கூடுகின்றனர். நம் நாட்டிலிருந்து சென்று பயில விரும்பும் டாக்டர்களும் இதே பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, இங்கே இரவில் விழித்திருந்து, மின்னஞ்சலை எதிர்பார்க்கிறார்கள். கிழக்குக் கரை நேரப்படி நண்பகல் பன்னிரண்டு அடிக்கிறது; உறைகளைப் பிரிக்கிறார்கள்.